அந்தப் பிறவிக்குப் பெயர் கிடையாது: எங்கள் எல்லைப்பக்கத்து வாசகசாலைகளின் வினாடி வினாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வாசகசாலைக் குழுவினர் எல்லாருக்கும், மாஷ்மார்களுக்கும் சேச்சிமார்களுக்கும், வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து வாசகசாலைகளில் இரண்டில் எனக்கு உறுப்பினர் அட்டை இருக்கிறது, ஒன்றில் தமிழ்ப் புத்தகம் அதிகம், இன்னொன்றில் மலையாளம் அதிகம் என்பதால். வருஷா வருஷம் ஜூன் 19, வாயன தினத்தன்று நீங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற வினாடி வினாவுக்கு என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதும் நான்தான். (தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: வாயன என்றால் வாசிப்பு. கேரளத்தில் ஊர் ஊராக வாசகசாலை அமையப் பாடுபட்ட பி.என். பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று இறந்தார், அடுத்த வருஷத்திலிருந்து அந்த நாளை இங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.) இந்த முறை நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, அப்புறம் உங்களிடம் சில விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். எந்த வாசகசாலை, கேள்வி கேட்டவர் யார் என்பதெல்லாம் வேண்டாம். அவரும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து ஊருக்காக உழைக்கிறவர்தான்.

உலக நாவலாசிரியர்களும் புத்தகங்களும் என்று ஒரு சுற்று. மேரி ஷெல்லி எழுதிய நாவலில் வருகிற பூதத்தின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. முதலில் மலையாளத்தில் வாசித்தார்கள், பிறகு தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காக ஒருத்தர் தமிழில் சொன்னார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் பிராங்கன்ஸ்டைன் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் அண்ணன் மகள் மட்டும் துண்டுச் சீட்டில் ‘பெயர் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். தப்பு என்று சீட்டை ஒதுக்கி வைத்ததும் எழுந்து நின்று, “மாஷே, அது அவனை உண்டாக்குனவரோட பேருங்க. அவனுக்குப் பேரே இல்லீங்க” என்றாள். அவர் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். இதில் இப்படித்தான் இருக்கிறது மோளே, உட்கார் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு மார்க்கில் அவள் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நின்றாள்.

மார்க் போனது போகட்டும். அவளுக்கு அந்த விடை எப்படித் தெரியும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மே மாத விடுமுறை முழுக்க அந்தப் புத்தகத்தின் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கடையில் உட்கார்ந்து வாசித்தாள். தமிழ் மீடியத்தில் எட்டாவது முடித்த பிள்ளை, ஒரு நாளைக்கு நாலு பக்கம், கூடிப்போனால் அஞ்சு பக்கம். நான் காஜா எடுக்கும்போது உட்காருகிற ஸ்டூல்தான் அவள் இடம். புரியாத சொல்லுக்கு அர்த்தம் எழுத ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். போட்டி முடிந்து வந்த அன்று ராத்திரி அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் ‘அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள்’ என்று மேலே தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். கீழே வரிசையாக, அரக்கன், பிசாசு, பூதம், பாவி, இழிபிறவி, அது, அந்த ஜந்து என்று இப்படிப் பதினோரு சொல், ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண். கடைசியில் பென்சிலால் சின்னதாக, ‘பேர் வைக்கவே இல்லை. ஏன்?’ என்று இருந்தது.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளை தானாகவே வந்து சேர்ந்த கேள்வி அது. ஒரு நாவலை வாசித்தவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைவிட வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு வந்த பிள்ளையைத்தான் உட்கார் என்று சொன்னோம்.

அவள் சொன்னதுதான் சரி. பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பிறவியை உண்டாக்குகிற விக்டரின் குடும்பப் பெயர். அவன் டாக்டர்கூடக் கிடையாது, ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் என்ற ஊரில் படிக்கிற மாணவன். டாக்டர் பட்டமெல்லாம் பின்னால் சினிமாக்காரர்கள் கொடுத்தது. உண்டாக்கினவனே பார்த்துப் பயந்து ஓடிப்போகிறான், பெயர் வைக்க ஆள் இல்லை, அந்தப் புத்தகத்தின் வேதனை முழுக்க அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் இருக்கிறது. 1823இல் லண்டனில் அதை நாடகமாகப் போட்டபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டு அச்சடித்தார்கள். நாடகம் பார்க்கப் போன மேரி ஷெல்லிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த வெறும் கோட்டுக்குச் சமமானதுதான் அன்று துண்டுச் சீட்டில் இவள் எழுதிக் கொடுத்தது.

அதே நாவலில் கேட்பதற்கு எத்தனை இருக்கிறது பாருங்கள். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தை மூடியதால் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை, விடாத மழை, குளிர். ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேசிக்கொண்டார்கள், அதில் 18 வயதுப் பெண் ஒருத்தி தொடங்கியதுதான் இந்த நாவல். 1818 ஜனவரி 1 அன்று ஆசிரியர் பெயரே போடாமல் 500 பிரதி வெளிவந்தது. எழுதியவள் என் அண்ணன் மகளைவிட நாலு வயசுதான் மூத்தவள் என்பதைக் கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ‘எங்கோ வெடித்த ஒரு எரிமலைக்கும் ஒரு பேய்க்கதைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டிருந்தால், தெரியாத பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்த் தேடியிருப்பார்கள்.

விடைத்தாள்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்கும் தெரியும், போன வருஷம் ஒரு குழுவுக்குத் தமிழ் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன். ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், இன்னொருவர் அதிலிருந்து நூறு கேள்வி எடுக்கிறார், மூன்றாமவர் மொழிபெயர்க்கிறார், கடைசியில் அச்சுக்குப் போகும்போது மூன்று பேரில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார். அப்படித்தான் ஷெர்லக் ஹோம்ஸ் வாட்சனிடம் அடிக்கடி சொல்வதாகச் சொல்லப்படும் ‘எலிமெண்டரி, மை டியர் வாட்சன்’ என்கிற வசனம் ஒவ்வொரு வருஷமும் கேள்வியாக வந்துகொண்டே இருக்கிறது. கோனன் டாயில் எழுதிய கதைகளில் எங்கேயும் அந்த வாக்கியம் அப்படியே கிடையாது. நாடகமும் சினிமாவும் சேர்ந்து ஹோம்ஸ் வாயில் வைத்தது.

விருதுக் கேள்விகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் புகழ்பெற்ற புத்தகத்துக்குத்தான் விருது வந்திருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். கல்கிக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது அலை ஓசைக்கு, அதுவும் அவர் 1954இல் இறந்த பிறகு, 1956இல். பொன்னியின் செல்வனுக்குக் கிடைக்கவில்லை. தி. ஜானகிராமனுக்கு 1979இல் விருது வந்தது சக்தி வைத்தியம் என்ற சிறுகதைத் தொகுப்புக்கு, மோகமுள்ளுக்கோ அம்மா வந்தாளுக்கோ வரவில்லை. நம் ஊர்க்காரர் ஓ.வி. விஜயனுக்கு கசாக்கின் இதிகாசத்துக்காக அகாதமி விருது என்று எழுதியிருந்த ஒரு வினாத்தாளை நானே பார்த்தேன். அது குருசாகரத்துக்கு, 1990இல். எம்.டி. வாசுதேவன் நாயருக்கு 1970இல் காலம் நாவலுக்கு. இதையெல்லாம் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும். சுந்தர ராமசாமிக்கு அந்த விருது கடைசி வரை கொடுக்கவே இல்லை, அதை மட்டும் ஒரு வினாத்தாளும் கேட்பதில்லை.

முதல் நாவல் என்று வரும் கேள்விக்கும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலையாளத்தின் முதல் நாவல் எது என்று கேட்டு, விடைத்தாளில் இந்துலேகா என்று போட்டிருந்தார்கள். ஒரு பையன் குந்தலதா என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினான். அப்பு நெடுங்ஙாடியின் குந்தலதா 1887, சந்து மேனனின் இந்துலேகா 1889. நாவலுக்குரிய எல்லா லட்சணமும் உள்ள முதல் நாவல் இந்துலேகாதான் என்று சொல்லும் மரபு இருக்கிறது, காலத்தில் முந்தியது குந்தலதா. அப்படியானால் ‘முதல்’ என்று மொட்டையாகக் கேட்கவே கூடாது, கேட்டால் இரண்டையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் சொன்னது வெறும் தப்பு என்று போய்விட்டது. அந்த நெடுங்ஙாடிதான் 1899இல் கோழிக்கோட்டில் நெடுங்ஙாடி வங்கியைத் தொடங்கியவர் என்று யாராவது அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவன் எத்தனை சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான்.

இன்னொன்று, இது நானே கோத்துப் பார்த்தது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக, இருந்தவர். இந்துலேகாவை எழுதியபோது சந்து மேனன் பரப்பனங்ஙாடியில் முன்சீப். வங்காளத்தில் 1865இல் துர்கேசநந்தினி எழுதிய பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்திரேட். மூன்று மொழிக்கும் நாவலைக் கொண்டு வந்தவர்கள் பகலெல்லாம் கோர்ட்டில் உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்டவர்கள். சொத்துத் தகராறு, பொய்ச்சாட்சி, கல்யாணம், தீர்த்துவைத்தல், இதெல்லாம் தினமும் காதில் விழுந்த மனிதர்களுக்குத்தான் கதையை நீளமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதிலும் வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள், சந்து மேனனின் இந்துலேகா இங்கிலீஷ் படித்தவள், பெண் கேட்டு வந்த சூரி நம்பூதிரிப்பாட்டைத் திருப்பி அனுப்புகிறாள். இரண்டு முன்சீப்புகளும் கெட்டிக்காரப் பெண்ணைத்தான் நடுவில் வைத்திருக்கிறார்கள். சந்து மேனன் முதலில் டிஸ்ரேலியின் ஒரு ஆங்கில நாவலைத் தன் மனைவிக்காக மொழிபெயர்த்துச் சொல்லப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை, அப்புறம்தான் சொந்தமாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். ‘இந்த மூன்று நாவலாசிரியர்களுக்கும் பொதுவாக இருந்த வேலை என்ன?’ இதை ஒரு கேள்வியாக வைத்துப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் மனப்பாடம் பண்ணி வந்திருக்காது, ஆனால் யோசிக்கும்.

வருஷத்தைக் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வருஷம் பக்கத்தில் இன்னொன்று நின்றால் அது பேசும். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தது, எங்கள் சித்தூர் தாலுகா இந்தப் பக்கமே நின்றது, கன்னியாகுமரி அந்தப் பக்கம் போனது. அதே 1956இல்தான் தகழியின் செம்மீன் வந்தது. அதை தமிழில் கொடுத்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. அவர் சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர், பள்ளியில் மலையாளம் படித்தவர், தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது 18 வயதுக்கு மேல்தான். தமிழின் பெரிய உரைநடைக்காரர்களில் ஒருவர் நம் பிள்ளைகளைப் போல இரண்டு மொழிக்கும் நடுவில் வளர்ந்து, தமிழுக்குத் தாமதமாக வந்தவர் என்பதை நம் தமிழ் மீடியம் பிள்ளைகள், மலையாள மீடியத்தில் படித்துக்கொண்டு வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள், தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர் ஜவுளிக்கடை நடத்தியவர் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். துணிக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு புளியமரத்தின் கதை எழுத முடியும் என்றால், தையல் கடையில் உட்கார்ந்து அதை வாசிப்பதற்கு என்ன.

இந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கள் வினாத்தாள்களில் ஒருவர் பெயரும் வருவதில்லை. திருவனந்தபுரம் சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன் அந்தத் தெருவையே கதையாக எழுதினார், கிருஷ்ணப் பருந்து நாவல் எழுதினார். கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த நீல பத்மநாபன் தலைமுறைகளை எழுதினார், பிறகு பள்ளிகொண்டபுரம் எழுதினார், அது தமிழ் நாவல், ஆனால் நாயகன் அனந்தன் நாயர், ஊர் திருவனந்தபுரம். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாளம் வழியில் படித்தவர், மிளகாய் வற்றல் வியாபாரி, தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, தமிழ் எழுத்துக்கு மாற்ற மற்றவர்களின் உதவியை நாடியவர். அப்படித் தொடங்கியவருக்குத்தான் 1997இல் சாய்வு நாற்காலிக்கு அகாதமி விருது. திருவனந்தபுரத்தில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் புத்தம் வீடு எழுதினார், பனையேறிகளின் வாழ்க்கை, அந்த ஊர்ப் பேச்சுத் தமிழ். பனைமரம் பார்த்தே வளர்கிற சித்தூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் எத்தனை பக்கத்தில் இருக்கிறது! எங்கள் வாசகசாலையில் அதன் ஒரு பிரதி இருக்கிறது, பின்னட்டையில் ஒட்டியிருக்கிற தாளில் தேதி முத்திரை ஆறுதான்.

இவர்களை மலையாளப் பிரிவும் விட்டுவிடுகிறது, அவர்கள் தமிழில் எழுதியவர்கள். தமிழ்ப் பிரிவும் விட்டுவிடுகிறது, சென்னையிலிருந்து வருகிற பொது அறிவுப் புத்தகத்தில் இல்லை. வேலி இரண்டு பக்கமும் நம்மைச் சேர்ந்தது என்கிறபோது நடுவில் நிற்கிறவர்களை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கசாக்கின் இதிகாசத்துக்கு மூலமான தஸ்ராக் என்ற ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஓணம் விடுமுறையில் இவளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். பாலக்காட்டிலிருந்து கிணாச்சேரிப் பக்கம், ரொம்ப தூரமில்லை. 1956இல் விஜயனின் தங்கை சாந்தாவுக்கு அந்த ஊர் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது, குடும்பம் அங்கே போய்த் தங்கியது, அந்தச் சின்ன ஊர்தான் பிறகு கசாக் ஆனது. எழுதி முடிக்க 12 வருஷம். 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து 1969இல் புத்தகமானது. அவர் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்து, தில்லியில் கார்ட்டூன் போட்டுப் பிழைத்தவர். நாவலின் நாயகன் ரவி பள்ளிக்கூடம் நடத்துகிற ஞாற்றுப்புர, நாற்றங்கால் வேலைக்காகக் கட்டிய ஓட்டு வீடு, இன்றைக்கு அவருடைய நினைவிடம்.

நாங்கள் போன அன்று காற்று பலமாக இருந்தது. பனையோலைச் சத்தம் மழை வருவது மாதிரியே கேட்கும் இல்லையா, தம்பிக்காரன் குடையை விரித்துவிட்டான். அப்புறம் ஓலைச் சத்தம் என்று தெரிந்து மடக்கினான். வீட்டுக்கு வந்து யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பில் (2017இல் மொழிபெயர்ப்புக்கான அகாதமி பரிசு பெற்றது இது) பனங்காற்று வருகிற பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அவன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அஞ்சாவது படிக்கிறவனுக்கு அந்த நாவல் புரியாது, தெரியும். ஆனால் காற்று புரிந்தது. அவனிடம் கசாக்கின் இதிகாசம் எந்த ஆண்டு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டான், ரவி வந்து இறங்குகிற பஸ் ஸ்டாப் எது என்று கேளுங்கள், கூமன்காவு என்று உடனே சொல்வான்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒரு நாவலைப் பற்றிக் கேள்வி எடுத்தால், எடுக்கிறவர்களில் ஒருவராவது அதை வாசித்திருக்க வேண்டும். நூறு கேள்வி வேண்டாம், இருபது போதும். போட்டி நடக்கும்போது அந்த இருபது புத்தகமும் மேஜைமேல் இருக்கட்டும். வாசகசாலைதானே, புத்தகத்துக்குப் பஞ்சமா? ஒரு பிள்ளை எழுந்து விடை தப்பு என்று சொன்னால், அங்கேயே பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம். பிள்ளை சொன்னது சரியாக இருந்தால் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லி மார்க் கொடுங்கள். பெரியவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லது என்று மனசார நம்புகிறேன்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கான கேள்விகளை, வாசிக்கும்போது வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்லாதீர்கள், முன்கூட்டியே தமிழில் எழுதிவிடுங்கள். எம்.டி.யின் ரண்டாமூழத்தைத் தமிழில் வாசித்த பிள்ளைக்கு அது இரண்டாம் இடம். பீமன் கதையை அச்சு அசலாகச் சொல்லத் தெரிந்தவன் அந்த மலையாளத் தலைப்பைக் கேட்டு முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது. அதேபோல மலையாளப் பிள்ளைகளுக்கும் பொன்னியின் செல்வனைப் பற்றி, சாய்வு நாற்காலியைப் பற்றி ஒன்றிரண்டு கேள்வி வரட்டும்.

கேள்வியோடு ஒரு வரி கதையும் சேர்த்துச் சொல்லுங்கள், விடை சொன்ன பிறகாவது. ரே பிராட்பரி, புத்தகங்களைத் தேடித் தேடி எரிக்கிற ஒரு காலத்தைப் பற்றிய ஃபாரன்ஹீட் 451 நாவலின் முதல் வடிவத்தை ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்தார். காசு போட்டால் அரைமணி நேரம் ஓடுகிற வாடகை எந்திரம், அரைமணிக்குப் பத்து சென்ட், மொத்தம் ஆன செலவு 9 டாலர் 80 சென்ட். தாஸ்தயேவ்ஸ்கி, குறித்த நாளில் நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருஷத்துக்குத் தன் எழுத்துகளின் உரிமையே பதிப்பாளருக்குப் போய்விடும் என்கிற நெருக்கடியில், 26 நாளில் சூதாடியைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். சுருக்கெழுத்து எழுத வந்த அன்னாவை அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். மார்க்வெஸும் அவர் மனைவியும் தனிமையின் நூறு ஆண்டுகள் கையெழுத்துப் பிரதியைத் தபாலில் அனுப்பப் போனபோது காசு பற்றவில்லை, பாதியை மட்டும் அனுப்பிவிட்டு, வீட்டுச் சாமானை அடகு வைத்து மீதியை அனுப்பினார்கள். இதைக் கேட்கிற பிள்ளைகளுக்கு, அந்தப் புத்தகம் நம் வாசகசாலையில் இருக்கிறதா என்று ஒரு சின்ன ஆசை வரும். அந்த ஆசை வருகிற நேரத்தில் அலமாரி திறந்திருக்க வேண்டும். வாயன தினத்தன்று போட்டி நடத்துவதற்காகவே புத்தகம் கொடுப்பதை நிறுத்திவைக்கிறீர்கள், அதைத் தயவுசெய்து மாற்றுங்கள். மற்ற நாளில் சாயங்காலம் திறக்கிற மாதிரியே அன்றைக்கும் திறந்து வையுங்கள்.

இவள் அந்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்து புத்தம் வீடு எடுத்திருக்கிறாள், ஏழாவது முத்திரை அவளுடையது. போட்டிக்கு இனி வரமாட்டேன் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது சொல்வதில்லை. அடுத்த ஜூன் மாதம் பத்தாவதில் இருப்பாள், கூட்டிக்கொண்டு வருவேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. வினாத்தாள் எடுக்க உட்காரும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், தமிழ்க் கேள்விகளை எழுதவும், புத்தகத்தைத் திறந்து விடைகளைச் சரிபார்க்கவும் நான் வருகிறேன். அந்த மேரி ஷெல்லி கேள்வியை மட்டும் அடுத்த வருஷத் தாளிலும் வையுங்கள், விடையை மாற்றி.

அன்புடன்,
இரண்டு உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒரு வாசகி